பிணக்கும் சமாதானமும்

வேலி அடைக்கும் காலம் வந்தால் எங்கள் ஊர்களில் சில வீடுகளுக்குச் சண்டையும் கூடவே வந்துவிடும். போனமுறை நட்ட கதியால் இம்முறை ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளி நிற்கிறது என்று ஒருவர் சொல்வார். பூவரசு பெருத்திருப்பதால்தான் அப்படித் தெரிகிறது என்று மற்றவர் சொல்வார். பேச்சு வளரும். பாட்டன் காலத்துக் கதைகள் கிளறப்படும். பிறகு கோடு, கச்சேரி என்று அலைச்சல். வழக்கு முடிவதற்கு முன்னரே வழக்காளிகள் இருவரும் கண்மூடிவிடுவதும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளோ காரணம் இன்னதென்றுகூடச் சரிவரத் தெரியாமல், ஒருவர் வீட்டு நன்மை தின்மைக்கு மற்றவர் போகாமல் வாழ்கிறார்கள். ஞாயிறு பூசையில் ஒரே பலிபீடத்திலிருந்து நற்கருணை வாங்குகிறார்கள். கோவில் வாசலைத் தாண்டியதும் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்கள்.

ஒரு சாண் நிலத்துக்காகவா இவ்வளவும்? சற்று ஆழமாக நோக்கினால், நிலம் அங்கே சிறிய பங்குதான் என்பது விளங்கும். பிணக்கு எப்படிப் பிறக்கிறது, எப்படி வளர்கிறது, எப்படித் தீர்க்கப்படலாம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம். குடும்பமாக இருந்து வாசித்து, இறுதியிலுள்ள வினாக்களைப் பற்றிக் கலந்து பேசினால் பயன் அதிகம்.

1. பிணக்கு பாவமா?

நல்ல கிறிஸ்தவர்களிடையே பிணக்கு வரக்கூடாது என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அதனால் அது வரும்போது ஒன்றில் மூடி மறைக்கிறோம், அல்லது எதிராளியைத் தீயவன் என்று முடிவுகட்டிவிடுகிறோம். வேதாகமம் இப்படிப் பேசவில்லை. ஆபிரகாமுடைய மேய்ப்பர்களும் லோத்துவின் மேய்ப்பர்களும் மேய்ச்சல் நிலம் போதாமையால் சண்டையிட்டதை ஆதியாகமம் (அதி. 13) ஒளிக்காமற் சொல்கிறது. மூத்தவராகிய ஆபிரகாமே, விரும்பிய திசையை முதலில் தெரிந்தெடுக்கும் உரிமையை இளையவனுக்கு விட்டுக்கொடுத்தார்.

அப்போஸ்தலர்கள் நடத்திய முதற் சபையிலேயே பிணக்கு எழுந்தது (அப். பணி 6). அன்றாட உணவுப் பங்கீட்டில் எங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள், எபிரேய மொழி பேசியவர்கள்மீது முறையிட்டனர். மொழியின் பெயரால் ஒரு பகுதியினர் புறக்கணிக்கப்பட்டதாக எழுந்த முறைப்பாடு அது. அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? முறையிட்டவர்களைக் குழப்பக்காரர் என்று அடக்கவில்லை. சபையை எல்லாம் கூட்டினார்கள். ஏழு பேரைத் தெரிவுசெய்யும் பொறுப்பைச் சபையிடமே ஒப்படைத்தார்கள். தெரிவான ஏழு பேரின் பெயர்களையும் பாருங்கள்: எல்லாம் கிரேக்கப் பெயர்கள். எந்தப் பகுதியினர் குறை சொன்னார்களோ, அவர்களோடு நெருங்கியவர்கள் என்று தோன்றும் ஆட்களின் கையிலேயே பங்கீடு கொடுக்கப்பட்டது. இதன் பின்னரே சபை மேலும் பெருகியது என்று அந்நூல் சொல்கிறது.

எனவே பிணக்கு என்பது இரு சாராரின் தேவைகள் மோதுவதால் எழும் நிலை. அதுவே பாவமன்று. அதை நாம் கையாளும் முறையிலேயே பாவமும் புண்ணியமும் தங்கியுள்ளன.

நோர்வே நாட்டு அறிஞர் யோகான் கல்ருங் சமாதானத்தை ஒரு தனிக் கல்வித்துறையாக வளர்த்தவர்களில் முதன்மையானவர். 1959ல் ஒஸ்லோ நகரில் சமாதான ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியவர். பிணக்கை அவர் ஒரு முக்கோணமாக விளக்கினார். முதலாவது மூலை, உண்மையான முரண்பாடு: எல்லை எது என்ற கேள்வி. இரண்டாவது, மனப்பான்மை: ‘அவன் எப்போதும் ஏமாற்றுக்காரன்’ என்ற எண்ணம். மூன்றாவது, நடத்தை: ஏச்சு, கதியாலைப் பிடுங்குதல், வழக்கு. பொதுவாக நம் கண்ணுக்குப் படுவது மூன்றாவது மட்டுமே. பொலிசார் வந்து சண்டையை விலக்கினால் நடத்தை அடங்கும். முரண்பாடும் மனப்பான்மையும் அப்படியே இருக்குமாயின், அடுத்த வேலி அடைப்பில் சண்டை திரும்பி வரும்.

2. கேட்பது ஒன்று, வேண்டியது வேறு

தகப்பன் விட்டுச்சென்ற பங்குக் கிணறு ஒன்றில் அண்ணனும் தம்பியும் இறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலை முறை எனக்குத்தான் வேண்டும் என்று இருவருமே பிடிவாதமாய் நிற்கிறார்கள். இப்படியே கேட்டுக்கொண்டிருந்தால் ஒருவர் வென்று மற்றவர் தோற்கத்தான் வேண்டும். ஆனால் ‘ஏன் காலையில் வேண்டும்?’ என்று யாராவது பொறுமையாகக் கேட்டால்? வெயில் ஏறுமுன் நாற்றுக்குத் தண்ணீர் விடவேண்டும் என்று அண்ணன் சொல்லக்கூடும். எட்டு மணிக்கு வேலைக்குப் போகவேண்டும், மாலையில் களைத்து வருகிறேன் என்று தம்பி சொல்லக்கூடும். அண்ணனுக்கு வேண்டியது குளிர்ந்த வேளை. தம்பிக்கு வேண்டியது ஓய்வு. தம்பியின் தோட்டத்துக்கும் அண்ணனின் மகனே காலையில் இறைத்துவிட, தம்பி விடுமுறை நாட்களில் அண்ணனின் தோட்டத்தில் கைகொடுக்கலாம். கோரிக்கைகள் மோதின, தேவைகள் மோதவில்லை.

எல்லாப் பிணக்கும் இவ்வளவு இலகுவில் தீராது. ஆனாலும் கோரிக்கைக்குப் பின்னால் நிற்கும் தேவையையும் அச்சத்தையும் கேட்டறியாமல் எந்தப் பிணக்கும் தீராது. தனி மனிதருக்கு மட்டுமன்று, நாடுகளுக்கும் இது பொருந்தும். அதற்கு உலக வரலாற்றிலிருந்து ஓர் உண்மைக் கதையைக் காண்போம்.

3. மூன்று தீவுகளின் கதை

தென் அமெரிக்காவின் தெற்கு முனையில் சிலி, ஆர்ஜென்டீனா ஆகிய இரு நாடுகள் அந்தீஸ் மலைத்தொடரை எல்லையாகக் கொண்டு அருகருகே கிடக்கின்றன. இரண்டும் ஸ்பானிய மொழி பேசும் நாடுகள். இரண்டிலும் கத்தோலிக்கரே பெரும்பான்மையினர். அவற்றின் எல்லை 5,000 கிலோமீற்றருக்கும் அதிகம். எல்லைத் தகராறு காரணமாக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரு நாடுகளும் போர்க்கப்பல்களை வாங்கிக் குவித்தன. 1902ல் ஒப்பந்தம் செய்து போரைத் தவிர்த்துக்கொண்டன. அதன் நினைவாக 1904 மார்ச் 13ந் திகதி, எல்லைக் கணவாய் ஒன்றில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,800 மீற்றர் உயரத்தில், மீட்பராகிய கிறிஸ்துவின் வெண்கலச் சொரூபம் நிறுவப்பட்டது.

சொரூபம் நின்றது, பிணக்கின் ஒரு வேர் மட்டும் அறுபடாமலே கிடந்தது. தெற்கே பீகிள் கால்வாயின் கிழக்கு வாயிலில் பிக்டன், லெனொக்ஸ், நுவேவா என்ற மூன்று சிறு தீவுகள் உள்ளன. கால்வாய்க்குத் தெற்கேயுள்ள தீவுகள் சிலிக்கு உரியன என்று 1881ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறியது. ஆனால் கால்வாய் எந்தப் பக்கமாகக் கடலில் சேர்கிறது? நேரே கிழக்கே போகிறது என்றால் தீவுகள் சிலிக்குரியவை. தெற்கே திரும்புகிறது என்றால் ஆர்ஜென்டீனாவுக்குரியவை. எங்கள் வேலிச் சண்டைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

1971ல் இரு நாடுகளும் விடயத்தைப் பிரித்தானிய முடியின் நடுத்தீர்ப்புக்கு விட்டன. சர்வதேச நீதிபதிகள் ஐவர் ஆராய்ந்தனர். மூன்று தீவுகளும் சிலிக்குரியவை என்று 1977ல் தீர்ப்பு வந்தது. 1978 சனவரியில் ஆர்ஜென்டீனா அத்தீர்ப்பு செல்லாது என்று அறிவித்தது. இரு நாடுகளையும் அப்போது ஆண்டவர்கள் இராணுவ ஆட்சியாளர்கள். அவ்வருட இறுதியில் படைகள் எல்லைக்கு நகர்ந்தன. ஆர்ஜென்டீனாவின் கப்பற்படை தெற்கு நோக்கிப் புறப்பட்டது. நத்தாருக்குச் சில நாட்களே இருந்தன.

இரு நாட்டு ஆயர்களும் சமாதானத்துக்காகக் குரல் கொடுத்தனர். அக்டோபரில்தான் பாப்பரசராகத் தெரிவாகியிருந்த இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், தம் சார்பில் தூதர் ஒருவரை அனுப்ப முன்வந்தார். இரு அரசுகளும் இணங்கின. கர்தினால் அந்தோனியோ சமொரே அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 73. நத்தாரை அடுத்து அங்கே போய்ச்சேர்ந்த அவர், மலைத்தொடரின் இரு பக்கத்துத் தலைநகரங்களுக்கும் மாறி மாறிச் சென்று இரு தரப்பையும் கேட்டார். 1979 சனவரி 8ந் திகதி மொன்ரேவிடேயோ நகரில் இரு நாடுகளும் கையெழுத்திட்டன. பாப்பரசரின் மத்தியஸ்தத்தைக் கோருவதாகவும், பலத்தைப் பிரயோகிப்பதில்லை என்றும், படைகளைப் படிப்படியாக 1977 தொடக்கத்திலிருந்த நிலைக்குக் கொண்டுவருவதாகவும் அதில் உடன்பட்டன.

தீவுகள் யாருக்கு என்பது பற்றி அந்தத் தாளில் ஒரு முடிவும் இல்லை. போர் நின்றது, பேச்சு தொடங்கியது. அவ்வளவுதான்.

அதன்பின் வத்திக்கானில் பேச்சுவார்த்தை ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1980 டிசெம்பரில் பாப்பரசர் தமது ஆலோசனையை முன்வைத்தார். சிலி ஏற்றது, ஆர்ஜென்டீனா ஏற்கவில்லை. 1982ல் ஆர்ஜென்டீனா மல்வினாஸ் எனப்படும் போக்லன்ட் தீவுகளுக்காகப் பிரித்தானியாவுடன் போரிட்டுத் தோற்றது. 1983 பெப்ரவரியில் கர்தினால் சமொரே இறந்தார். தாம் நட்ட மரத்தின் கனியை அவர் காணவில்லை. அவ்வருட இறுதியில் ஆர்ஜென்டீனாவில் மக்களாட்சி திரும்பியது. ஜனாதிபதி அல்போன்சின், உடன்படிக்கையின் நகலை மக்கள் முன் வைத்தார். 1984 நவம்பர் 25ந் திகதி நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் ஆம் என்றனர். நான்கு நாட்களின் பின், நவம்பர் 29ல், வத்திக்கானில் சமாதான நட்புறவு உடன்படிக்கை கைச்சாத்தானது. ஆர்ஜென்டீன மேற்சபையில் அது ஒரே ஒரு மேலதிக வாக்கினால்தான் நிறைவேறியது. 1985 மே 2ல் அது நடைமுறைக்கு வந்தது.

தீவுகள் சிலிக்குக் கிடைத்தன. அவற்றுக்குக் கிழக்கேயுள்ள கடற்பரப்பின் பெரும்பகுதி ஆர்ஜென்டீனாவுக்குக் கிடைத்தது. இன்று இரு நாடுகளையும் இணைக்கும் ஒரு மலைக்கணவாய் கர்தினால் சமொரேயின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

4. இக்கதை கற்பிக்கும் பாடங்கள்

முதலாவது: அடிதடியை முதலில் நிறுத்தவேண்டும். கர்தினால் சமொரே முதற் பத்து நாட்களில் தீவுப் பிரச்சினையைத் தீர்க்க முயலவில்லை; கொலை நடவாதபடி காலத்தைச் சம்பாதித்தார். கோபம் கொதிக்கும்போது நியாயம் பேசிப் பயனில்லை. ‘இதை இன்று பேசவேண்டாம், ஞாயிற்றுக்கிழமை இருந்து பேசுவோம்’ என்று சொல்வது கோழைத்தனமன்று. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை உண்மையிலேயே வரவேண்டும்.

இரண்டாவது: தீர்ப்பு வேறு, இணக்கம் வேறு. 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பும் தீவுகளைச் சிலிக்கே கொடுத்தது. 1984ஆம் ஆண்டு உடன்படிக்கையும் சிலிக்கே கொடுத்தது. முன்னது போரின் விளிம்புக்குக் கொண்டுபோனது. பின்னது சமாதானத்தைக் கொண்டுவந்தது. வேறுபாடு எங்கே? ஆர்ஜென்டீனாவின் உள்ளத்திலிருந்த அச்சம் தீவைப் பற்றியது மட்டுமன்று. தீவுகளைப் பிடித்தபடி சிலி அத்திலாந்திக் சமுத்திரத்துக்குள் நுழைந்துவிடும் என்பதே. தீர்ப்பு அந்த அச்சத்தைத் தொடவில்லை. மத்தியஸ்தமோ கடலையும் சேர்த்துப் பேசி அதற்கு விடை தந்தது. அண்ணன் தம்பியின் கிணற்றுக் கதையை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: நடுவில் நிற்பவரை இரு பக்கமும் நம்பவேண்டும். மத்தியஸ்தர் நீதிபதியல்லர். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கோள் மூட்டாதவராக, இருவரையும் முகங்கோணாமற் கேட்பவராக இருக்கவேண்டும். நம்மூரில் சமாதானம் செய்யப்போய்ப் புதுச்சண்டை மூட்டிவிட்டு வருபவர்கள் இதை மறந்தவர்களே.

நான்காவது: பொறுமை. ஆறு வருடங்கள் சென்றன. இடையில் ஒருமுறை ஆலோசனை நிராகரிக்கப்பட்டது. அத்துடன் கைகழுவியிருந்தால் எல்லாம் வீணாகியிருக்கும்.

ஐந்தாவது: நாளைய பிணக்குக்கும் வழி வகுத்தல். இனித் தகராறு வந்தால் முதலில் நேரடிப் பேச்சு, பிறகு இணக்கக் குழு, அதன்பின் நடுத்தீர்ப்பு என்று அந்த உடன்படிக்கையே ஒழுங்குமுறை வகுத்தது. இனிப் பிணக்கே வராது என்று அவர்கள் நம்பவில்லை. வந்தால் என்ன செய்வது என்று முன்னரே பேசி வைத்தார்கள்.

5. துப்பாக்கி மௌனமானால் போதுமா?

இக்கதையில் மறைக்கக்கூடாத இன்னொரு பக்கமும் உண்டு. எல்லையில் போரைத் தவிர்த்த அதே இராணுவ ஆட்சியாளர்கள், தத்தம் நாட்டுக்குள்ளே ஆயிரக்கணக்கான சொந்த மக்களைக் கொன்றும் காணாமல் ஆக்கியும் இருந்தார்கள். காணாமற்போன பிள்ளைகளைத் தேடி 1977லிருந்து புவனோஸ் அயர்ஸ் நகரச் சதுக்கத்தில் வியாழன்தோறும் சுற்றி நடந்த தாய்மாருக்கு, எல்லைச் சமாதானம் மட்டும் எப்படிச் சமாதானமாகும்?

ஆகவேதான் கல்ருங் இரு வகைச் சமாதானத்தைப் பிரித்துக் காட்டினார். வன்முறை இல்லாதிருப்பது ஒன்று. நீதியும் நல்லுறவும் இருப்பது மற்றொன்று. பாப்பரசர் இருபத்துமூன்றாம் அருளப்பரும், கியூபா நெருக்கடியால் உலகம் அணுவாயுதப் போரின் வாயிலுக்குப் போய்த் திரும்பிய சில மாதங்களில், 1963 ஏப்ரலில் விடுத்த சுற்றுமடலில், சமாதானம் என்னும் வீட்டுக்கு உண்மை, நீதி, அன்பு, சுதந்திரம் ஆகிய நான்கு தூண்களும் வேண்டுமென்று போதித்தார். ஒரு தூணை எடுத்துவிட்டால் கூரை சரிந்துவிடும்.

இது நமக்குத் தூரத்துக் கதையன்று. நமது நாட்டில் 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. குண்டுச்சத்தம் ஓய்ந்தது பெரும் ஆறுதலே. ஆயினும் தம் பிள்ளைக்கு என்ன நடந்தது என்ற விடை கிடைக்காமல் தெருவோரத்தில் படத்தை ஏந்தி அமர்ந்த தாய்மாரை நாம் கண்டோம். அவர்களிடம் ‘நடந்ததை மறந்துவிடுங்கள்’ என்று சொல்வது சமாதானமன்று. மன்னிப்பு உண்மையை மூடுவதில்லை. உண்மையை முகம்கொடுத்துப் பார்த்தபின் பழிவாங்குதலைக் கைவிடுவதே மன்னிப்பு. அதே வேளையில், மற்ற மொழி பேசும் தாயும் தன் மகனுக்காக அழுதாள் என்பதையும், மற்ற மதத்து அயலவனும் வீட்டையும் நிலத்தையும் இழந்தான் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கடமை நமக்குண்டு.

6. வீட்டிலிருந்து தொடங்குவோம்

நாட்டுச் சமாதானத்தைப் பேசும் நாம் வீட்டிலே எதைச் செய்யலாம்?

பிணக்கு உண்டானால் முதலில் தனிமையில், நேரிற் போய்ப் பேசும்படி ஆண்டவர் யேசு வழிகாட்டினார் (மத். 18:15-17). அது பலிக்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அதுவும் பலிக்காவிட்டால்தான் சபைக்குச் சொல்லவேண்டும். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் ஊருக்குச் சொல்கிறோம். பிறகு உறவினரைக் கூட்டுகிறோம். சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் பேசுவதில்லை.

பேசும்போது மூன்று விடயங்களைக் கவனிப்போம். ஆளைத் தாக்காமல் நடந்த காரியத்தைச் சொல்வோம்: ‘நீ பொறுப்பில்லாதவன்’ என்பதற்குப் பதிலாக, ‘நேற்று நீ சொல்லாமற் போனதால் நான் இரவெல்லாம் பயந்துபோனேன்’ என்போம். மற்றவர் சொன்னதை நம் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்போம். நம் பங்கிலுள்ள பிழையை முதலில் ஒப்புக்கொள்வோம். அது மற்றவரின் கையிலுள்ள கல்லைக் கீழே விழுத்தும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தாய் தகப்பன் சண்டையிடுவதைப் பிள்ளைகள் காண்கிறார்கள். அவர்கள் சமாதானமாவதையும் பிள்ளைகள் காணவேண்டும். கதவுக்குப் பின்னால் தீர்ந்த சண்டை பிள்ளையின் மனதில் தீர்வதில்லை.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஒருவர் அடிக்கிறார், மற்றவர் அடிவாங்குகிறார் என்றால் அது இருவருக்கிடையிலான பிணக்கன்று, அது கொடுமை. குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம், ‘பொறுத்துக்கொண்டு சமாதானமாகப் போ பிள்ளை’ என்று மனைவியைத் திருப்பி அனுப்புவது சமாதானப் பணியாகாது. முதலில் அடிபடுபவரைப் பாதுகாக்கவேண்டும். பேச்செல்லாம் அதன் பின்னரே.

அயலவரோடான காணி, கடன், வேலித் தகராறுகளுக்கு, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட மத்தியஸ்த சபைகள் நமது நாட்டில் உள்ளன. அவை தீர்ப்பு வழங்குவதில்லை. இரு தரப்பையும் இருத்திப் பேசவைத்து இணக்கம் காண உதவுகின்றன. கோடேறுமுன் அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கலாம்.

காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலிற் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகும்படி யேசு மலைப் பிரசங்கத்தில் பணித்தார் (மத். 5:23-24). கவனியுங்கள்: நமக்கு அவன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை, அவனுக்கு நம்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால் என்றே சொன்னார். முதல் அடியை நாமே எடுத்துவைக்க வேண்டும். வேலிக்கு அப்பாலுள்ள வீட்டுக்குப் போக எத்தனை அடி தூரம்? அதிகம் போனால் ஐம்பது அடி. நம்மிற் சிலருக்கு அந்த ஐம்பது அடியைக் கடக்க இருபது வருடம் போதவில்லை. இந்த வாரம் அதைக் கடக்க முயல்வோமாக.

சிந்தனைக்கும் கலந்துரையாடலுக்கும்

1. எங்கள் குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் வீடு எது? காரணம் என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரியுமா?

2. அந்தப் பிணக்கில் நாங்கள் கேட்பது எது? உண்மையில் எங்களுக்கு வேண்டியது எது? அவர்களுடைய அச்சம் என்னவாக இருக்கலாம்?

3. அப்போஸ்தலர்கள் பங்கீட்டுப் பிணக்கைத் தீர்த்த முறையை எங்கள் பங்கிலும் சங்கங்களிலும் எவ்வாறு பின்பற்றலாம்?

4. இரு பக்கமும் நம்பக்கூடிய ஒருவர் எங்கள் ஊரில் யார்? அவரை எப்போது அணுகப் போகிறோம்?